சோற்று வேளைக்காக ஒரு சங்கம்



1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் இந்தப் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. முறையாக உறுப்பினர் சேர்த்து, சந்தா வாங்கி, நிர்வாகிகளை அமைத்து நடந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று ஆய்வாளர்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். நாமும் இந்தப் பெருமையை ஆண்டுதோறும் மேடையேற்றுகிறோம். ஏற்ற வேண்டியதுதான். ஆனால் அந்தச் சங்கத்தின் முதல் மூன்றரை ஆண்டுகளில் நடந்ததை முழுக்கச் சொல்கிறோமா? 1918ஐச் சொல்கிறோம், 1920ஐயும் சொல்கிறோம். 1921 வந்ததும் குரல் இறங்கிவிடுகிறது. அந்த ஆண்டையும் சேர்த்துப் பேசவே இன்று வந்திருக்கிறேன்.

பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் என்று இரண்டு மில்கள். இரண்டையும் நடத்தியது பின்னி கம்பெனி. 1920இல் இரண்டும் ஒரே கம்பெனியாக இணைந்தன. ஊர் வாயில் எப்போதும் அது பின்னி மில்தான். இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் அந்த மில் சங்கின் சத்தத்துக்குக் கண்விழித்து வளர்ந்தவர்கள். இளைஞர்களுக்கு அது சினிமாச் சண்டைக் காட்சி எடுத்த இடமாகத்தான் தெரியும். 1920 வாக்கில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வேலை செய்தார்கள். புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, சூளை, வியாசர்பாடி என்று வடசென்னையின் பல குடியிருப்புகளில் அடுப்பு எரிந்ததே அந்தக் கூலியில்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்து கொடுத்த மில் அது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு வரும்.

அன்றைக்குச் சட்டம் என்ன சொன்னது? 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி பஞ்சாலையில் வயது வந்த ஆண் ஒருவரை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். ஆறு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரம் இடைவேளை கொடுக்க வேண்டும். தாளில் படிக்கும்போது இது ஒரு பாதுகாப்பு மாதிரித் தெரியும். அந்த அரை மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

விடியும் முன்னே எழுந்து, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஆறு மணிக்கு மிஷின் முன்னால் நிற்கிறார் ஒருவர். நூல் அறுந்துபோகாமல் இருக்க உள்ளே காற்றை எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பார்கள். சித்திரை மாதத்துச் சென்னை வெயிலோடு அந்த ஈரமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சுத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தலைமயிரிலும் படிந்திருக்கும். நடுப்பகலில் சங்கு ஊதுகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வாசலை நோக்கி வருகிறார்கள். வாசலைத் தாண்டவே சில நிமிடம். கைகால் கழுவச் சில நிமிடம். வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்திருக்கும் மனைவியையோ மகளையோ கூட்டத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். நிழல் பார்த்து உட்கார வேண்டும். நாலு கவளம் உள்ளே போவதற்குள் திரும்ப ஓட வேண்டும், பிந்தினால் கூலியில் கை வைப்பார்கள். ஓடிப்போய் மறுபடி ஆறு மணி நேரம் நிற்க வேண்டும். அந்த அரை மணியில் அவர் உட்கார்ந்து சாப்பிட்ட நேரம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய இடம் இதுதான். நாட்டு விடுதலையோ உலகத் தொழிலாளர் ஒற்றுமையோ முதலில் பேசப்படவில்லை. நிம்மதியாகச் சோறு தின்ன இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கேட்டார்கள். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். மனிதன் தன் உடம்பின் பெயரால் கேட்கும் உரிமைக்கு எந்தத் தத்துவமும் முன்னுரை எழுத வேண்டியதில்லை.

இதற்குப் பத்தாண்டு முன்பே தூத்துக்குடியில் ஒரு முன்னோட்டம் நடந்திருந்தது. 1908 பிப்ரவரி, மார்ச்சில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை என்பவை கோரிக்கைகள். கோரிக்கை வென்றது. வென்ற சில நாளில் வ.உ.சி. கைதானார். போராட்டம் நடந்தது, வெற்றியும் வந்தது. ஆனால் மறுநாளும் மறுமாதமும் அந்தத் தொழிலாளர்களைக் கூட்டிவைக்க ஓர் அமைப்பு மிஞ்சவில்லை. பம்பாயில் லோகண்டே 1880களிலேயே மில் தொழிலாளர்களுக்காகச் சங்கம் என்ற பெயரில் உழைத்தார். அவருடைய மனிதாபிமானம் பெரிது. என்றாலும் அது அவர் ஒருவரின் தோளில் நின்ற முயற்சி. உறுப்பினர் பட்டியலும் சந்தாவும் உடைய நிலையான சங்கம் பெரம்பூரில்தான் முளைத்தது.

யாரால் முளைத்தது? மேடைகளில் முதலில் வாடியா பெயரைச் சொல்வோம், அடுத்து திரு.வி.க. பெயரை. அந்த இருவருக்கும் முன்னால் சொல்ல வேண்டிய இரண்டு பெயர்கள் உண்டு. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு. இருவரும் இந்தப் பகுதியின் சிறு வணிகர்கள். வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்திச் சபையை நடத்தியவர்கள். பஜனைக்கும் சொற்பொழிவுக்கும் மில்காரர்கள் வருவார்கள். வந்தவர்கள் இறைவனைப் பாடியதோடு தங்கள் குறைகளையும் சொன்னார்கள். மேஸ்திரியின் கெடுபிடி, கூலிப் பிடித்தம், சாப்பாட்டுக்கு நேரமில்லாமை. கேட்ட இருவரும் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடவில்லை. 1918 மார்ச்சில் தொழிலாளர்களைக் கூட்டி, அப்போது 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு.வி. கலியாணசுந்தரனாரைப் பேச வைத்தார்கள். பிறகு அன்னி பெசண்டின் 'நியூ இந்தியா' அலுவலகத்துக்குப் போய் பி.பி.வாடியாவைப் பார்த்தார்கள்.

அவர்கள் பெசண்ட் அம்மையாரின் ஆட்களைத் தேடிப் போனதற்குக் காரணம் இருந்தது. முந்தின ஆண்டுதான், 1917 ஜூனில், பெசண்ட், அவருடைய கூட்டாளிகள் அருண்டேல், வாடியா மூவரையும் அரசாங்கம் ஊட்டியில் காவலில் வைத்தது. நாடே கொதித்தது. செப்டம்பரில் விட்டுவிட்டார்கள். வாடியாவின் பெயர் அப்போது ஊரறிந்த பெயர். அவர் பம்பாய்ப் பார்சி. அடையாறு பிரம்மஞான சபைக்காரர். ஆங்கிலத்தில் பேசுவார், தமிழில் மொழிபெயர்ப்பார்கள். மில் பக்கமே வந்திராத மனிதர். ஆனால் வந்தார், பார்த்தார், கேட்டார். வாரந்தோறும் தொழிலாளர்களோடு பேசினார். ஏப்ரல் 27இல் சங்கம் அமைந்தபோது அவர் தலைவர். திரு.வி.க.வும் திவான் பகதூர் கேசவ பிள்ளையும் துணைத் தலைவர்கள். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் செயலாளர்கள்.

சங்கம் பிறந்த ஆண்டு எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டும். போரால் அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் விலையேறியிருந்தன. 1918 செப்டம்பரில் சென்னையில் மக்கள் அரிசிக் கடைகளைச் சூறையாடும் அளவுக்கு நிலைமை முற்றியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் விஷக் காய்ச்சல் பரவி வீடு வீடாக உயிர் குடித்தது. மில்லுக்கோ போர்க்கால ஆர்டர்களால் நல்ல லாபம். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே நின்ற வாடியாவுக்கு ஒரு தயக்கம் இருந்தது. மில் நெய்வது பட்டாளத்துக்கான துணி. வேலைநிறுத்தம் செய்தால் போர் முயற்சிக்குக் குந்தகம் செய்ததாக அரசாங்கம் பாயும். அதனால் அவர் பொறுமையைப் போதித்தார், நிர்வாகமோ அவ்வளவு பொறுக்கவில்லை. அந்த ஆண்டிலேயே கதவடைப்பைத் தொழிலாளர்கள் பார்த்துவிட்டார்கள். வாடியாவின் நிதானத்தைக் கோழைத்தனம் என்று பின்னால் சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. சங்கம் வைக்க உரிமை தரும் சட்டம் ஒரு வரிகூட இல்லாத நாட்டில், பத்தாயிரம் குடும்பங்களின் அடுப்பைப் பணயம் வைப்பதற்கு முன் ஒருவர் பலமுறை யோசிப்பது அவருடைய கடமை.

சங்கம் என்ற எண்ணம் மில்லோடு நிற்கவில்லை. டிராம்வே ஊழியர்கள், பெரம்பூர் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் என்று சென்னையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கங்கள் எழுந்தன. வாடியா இங்கிலாந்து சென்று நாடாளுமன்றக் குழுவின் முன் இந்தியத் தொழிலாளர்களின் நிலையை எடுத்துச் சொன்னார். 1920 அக்டோபர் 31இல் பம்பாயில் லாலா லஜபதி ராய் தலைமையில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பிறந்தது.

அதே அக்டோபரில் பெரம்பூரில் தீப்பற்றியது. பக்கிங்காம் மில் நெசவுப் பகுதியில் ஒரு பதவி காலியானது. மூத்தவருக்கு அது கிடைக்கவில்லை என்ற குமுறல் தகராறாகி, தகராறு கதவடைப்பில் முடிந்தது. வாரக்கணக்கில் மில் பூட்டிக் கிடந்தது. டிசம்பர் 9ஆம் நாள் வேலைக்கு ஆள் ஏற்றிச் சென்ற வண்டியை மறித்த கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டது. இருவர் இறந்தார்கள். வெண்கலச் சிலையோ தெருப்பெயரோ பலருக்கு இருக்கிறது. சென்னைத் தொழிலாளர் வரலாற்றில் ரத்தம் சிந்திய இந்த இருவருக்கு இந்தப் பகுதியில் ஒரு கல்வெட்டாவது இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

துப்பாக்கியைவிட ஆழமாகத் தைத்தது நீதிமன்றத்திலிருந்து வந்த காகிதம். வாடியா மீதும் சங்க நிர்வாகிகள் மீதும் கம்பெனி சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிலாளர்கள் எங்களோடு வேலை ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள், அதை மீறும்படி இவர்கள் தூண்டுகிறார்கள், அதனால் எங்களுக்கு நஷ்டம், ஈடாக 75,000 ரூபாய் வேண்டும் என்பது வழக்கு. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. அதாவது, வேலைக்குப் போகாதே என்று தொழிலாளியிடம் சங்கத் தலைவர் சொல்லக்கூடாது. சொன்னால் நீதிமன்ற அவமதிப்பு.

இங்கிலாந்திலும் இதே கதை நடந்திருந்தது. 1901இல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில் வேலைநிறுத்தத்தால் வந்த நஷ்டத்தைச் சங்கமே கட்ட வேண்டும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பால் பதறிய ஆங்கிலத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று அரசியல் பலம் திரட்டினார்கள். 1906இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆக, 1920இல் லண்டனில் ஒரு மில் முதலாளி போட முடியாத வழக்கைச் சென்னையில் ஓர் ஆங்கிலேயக் கம்பெனி போட முடிந்தது. ஆங்கிலச் சட்டத்தின் பழைய கடுமை மட்டும் இங்கே வந்து சேர்ந்தது. அதைத் தளர்த்திய புதிய சட்டம் கடல் கடக்கவில்லை. போதாக்குறைக்கு, முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுப் போனால் குற்றவாளியாக்கும் 1859ஆம் ஆண்டுச் சட்டமும் அப்போது உயிரோடு இருந்தது.

1921 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. சமரசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடியா இனித் தொழிலாளர் இயக்கத்தில் தலையிடக்கூடாது என்பது நிபந்தனை. முன்னணியில் நின்ற தொழிலாளர்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வாடியா விலகினார். திரு.வி.க. தலைமை ஏற்றார். பெரம்பூர் தோற்றது.

ஆனால் அந்தத் தோல்வி டில்லி வரை கேட்டது. 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் என்.எம்.ஜோஷி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் அவற்றுக்குப் பாதுகாப்புத் தரவும் சட்டம் வேண்டும் என்று கேட்டார். சென்னை வழக்குதான் அதற்கு உடனடிக் காரணம். ஐந்தாண்டு இழுபறிக்குப் பிறகு 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது, 1927 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு பேர் சேர்ந்து மனுக்கொடுத்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது அந்தச் சட்டம். அதன் 17ஆவது பிரிவும் 18ஆவது பிரிவும் பெரம்பூர்ப் பிரிவுகள் என்றே சொல்வேன். சங்கத்தின் நோக்கத்துக்காக உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டுக்காகப் பதிவுபெற்ற சங்கத்தின் நிர்வாகியைச் சதி வழக்கில் இழுக்க முடியாது என்றது ஒன்று. ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று சிவில் வழக்குப் போட முடியாது என்றது மற்றொன்று. வாடியா மீது போட்டார்களே, அதே வழக்கு.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது நினைத்தால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பாருங்கள். 2024 செப்டம்பர் 9இல் அங்கே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் நடந்தது. கூலி உயர்வு இருந்தது, மற்றக் கோரிக்கைகளும் இருந்தன. மையமாக நின்றது, எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் இருக்கிறதே என்று ஆட்சேபம் வந்தது. உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. அந்த வேலைநிறுத்தத்துக்கு முந்தின ஆண்டு, 2023 ஏப்ரலில், வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க இடம் தரும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்து நின்றதால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். 12 மணி என்ற எண்ணைக் கேட்டதும் எனக்கு 1911 நினைவுக்கு வந்தது. இங்கிருக்கும் மூத்த தோழர்களுக்கும் வந்திருக்கும்.

இனி 1921க்கு வருகிறேன்.

மே 20ஆம் நாள் கர்நாடிக் மில் நூற்புப் பகுதித் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். ஒரு மாதம் கழித்து, ஜூன் 20இல், பக்கிங்காம் மில்லும் சேர்ந்தது. அப்போதுதான் விரிசல் தெரிந்தது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோரும், கிறிஸ்தவர்களில் பலரும் உள்ளே போனார்கள்.

வேலைக்குப் போனவர்களைக் கருங்காலிகள் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது நம் பழக்கம். நான் அதை மறுக்கிறேன். அவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்க வேண்டும். முந்தின ஆண்டின் கதவடைப்பில் எல்லோரும் பட்டினி கிடந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பட்டினியிலும் படிக்கட்டு உண்டு. மற்றச் சாதித் தொழிலாளிக்கு ஊரில் ஒரு துண்டு நிலமோ, கடன் கொடுக்கும் செட்டியாரோ, கடைத்தெருவில் வேறு வேலையோ இருக்க வாய்ப்பு இருந்தது. புளியந்தோப்புச் சேரிக்காரருக்கு மில் கூலியை விட்டால் அடுத்த வேளைக்கு வழியில்லை. மில்லுக்கு உள்ளே அவர் பெற்ற கொஞ்சம் சமத்துவமும் மில்லுக்கு வெளியே இல்லை. கிராமத்துப் பண்ணையடிமையிலிருந்து தப்பி வந்தவருக்கு அந்த மில் வேலை வயிற்றுப்பாடு மட்டுமில்லை, தலைநிமிர்வும்கூட. எம்.சி.ராஜா போன்ற ஆதிதிராவிடத் தலைவர்கள், இன்னொரு நீண்ட வேலைநிறுத்தத்தைத் தாங்கும் தெம்பு நம் மக்களுக்கு இல்லை என்று கருதியதில் நியாயம் இருந்தது. நிர்வாகம் இந்தப் பிளவைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது, அதுவும் உண்மை. ஆனால் பிளவை நிர்வாகம் உண்டாக்கவில்லை. அது தெருவில் இருந்தது, கிணற்றடியில் இருந்தது, சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்களின் மனத்திலும் இருந்தது.

ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. அங்கிருந்து மூன்று மாதம் கலவரம் ஓயவில்லை. தாக்குதல், எதிர்த்தாக்குதல், கல்வீச்சு, கத்திக்குத்து. ஆகஸ்டு 29இல் போலீஸ் மறுபடி சுட்டது, மறுபடி பிணங்கள் விழுந்தன. வீடிழந்த ஆதிதிராவிடக் குடும்பங்களை அரசாங்கம் வியாசர்பாடியில் முகாம் அமைத்துத் தங்க வைத்தது. சேரி மக்களுக்கு அரசாங்கம் இடம் கொடுத்து இப்படி வளர்த்துவிட்டது என்று நீதிக்கட்சித் தலைவர் பிட்டி. தியாகராயச் செட்டியாரே குற்றம் சாட்டினார். பிராமணரல்லாதார் எல்லோருக்கும் குரல் கொடுக்க எழுந்த கட்சியின் தலைவர், குடிசை எரிந்தவர்களுக்கு அரசாங்கம் இடம் கொடுத்ததாகக் குறை சொன்னார். ஆதிதிராவிடத் தலைவர்களுக்கும் அந்தக் கட்சிக்கும் நடுவே விழுந்த விரிசலில் இந்தப் புளியந்தோப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தொழிலாளர் தலைவர்களை நாடு கடத்தக் கவர்னர் வெல்லிங்டன் எண்ணியபோது அதைத் தடுத்தவர்களில் தியாகராயரும் ஒருவர் என்பதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன்.

அக்டோபரில் வேலைநிறுத்தம் முறிந்தது. கிட்டத்தட்ட ஐந்து மாதம் வரை கூலியில்லாமல் இருந்த குடும்பங்கள் அவை. தாலியை விற்றார்கள், பாத்திரத்தை அடகு வைத்தார்கள். அந்த மாதங்களில் வீட்டை நடத்திய பெண்களின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. நூற்றுக்கணக்கானவர்களுக்கு மில்லில் மறுபடி இடம் கிடைக்கவில்லை. சங்கம் பல ஆண்டுகள் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தது. செல்வபதி செட்டியார் அதைக் கைவிடாமல் காத்ததால் பின்னால் மீண்டது.

திரு.வி.க.வின் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. தமிழில் தொழிலாளரை நோக்கிப் பேசும் நடையை உருவாக்கியவர் அவர். சமரசம், சன்மார்க்கம் என்று வாழ்ந்தவர். சாதி வேற்றுமை பாராட்டாதவர். கலவர நாட்களில் இரு தரப்பையும் அமைதிப்படுத்த அலைந்தார். ஆனால் ஒரு தலைவரின் நல்ல மனம் வேறு, சங்கத்தின் நடைமுறை வேறு. வேலைநிறுத்தம் என்ற முடிவை எடுக்கும்போது, அதில் முதலில் பட்டினி கிடக்கப் போகிறவர்களிடம் தனியே போய்க் கேட்டிருக்க வேண்டும். அவர்களுக்கு முதலில் அரிசி கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும். சேரிக்குள் போய்க் கூட்டம் போட்டு, அங்கிருந்து நிர்வாகிகளைக் கொண்டுவந்திருக்க வேண்டும். தொழிலாளி என்றால் எல்லோரும் ஒன்று என்று மேடையில் சொல்லிவிட்டால் ஒன்றாகிவிடுவார்கள் என்று சங்கம் நம்பியது. அந்த நம்பிக்கைக்குப் புளியந்தோப்பு விலை கொடுத்தது.

அடுத்த ஆண்டு, 1922இல், நிர்வாகம் தொழிலாளர் நலக் குழு என்ற ஒன்றை அமைத்தது. பள்ளிக்கூடம், பண்டகசாலை, தொழிலாளர் குடியிருப்பு என்று பின்னி மில்லின் நலத்திட்டங்கள் இந்தியா முழுவதும் பேசப்பட்டன. 1929இல் அமைந்த விட்லி தலைமையிலான ராயல் கமிஷனும் அவற்றைப் பாராட்டியது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து மேலே வந்தவர்கள் இந்த அரங்கத்திலும் இருக்கலாம். அவர்கள் நன்றியோடு நினைப்பதில் தவறில்லை. ஆனால் சங்கத்தின் தலைமையையும் கூட்டங்களையும் பூட்டிவைத்துவிட்டு, குழுவையும் பண்டகசாலையையும் திறந்துவைத்த காலம் அது. கொடுப்பதைப் பெற்றுக்கொள், கேட்காதே என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

ஆனாலும் கேட்கும் குரல் ஓயவில்லை. 1923 மே முதல் நாள் பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தினார். வாடியாவின் வாயைக் கட்டிய உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலேயே, மூன்று ஆண்டு முடிவதற்குள், செங்கொடி ஏறியது. தோற்றவர்கள் ஒதுங்கிவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

கடைசியாக ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். வாடியாவின் பேச்சுகள் நூலாக இருக்கின்றன. திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதி வைத்துப் போனார். கம்பெனியின் தரப்பு நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது, அரசாங்கத்தின் தரப்பு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. புளியந்தோப்பிலிருந்து வியாசர்பாடி முகாமுக்குப் போன குடும்பங்களின் தரப்பு அவர்களுடைய பேரன் பேத்திகளின் வாயில்தான் இருக்கிறது. மில் மூடிய 1996க்குப் பிறகு பிறந்தவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். கேட்டுச் சொல்லும் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. சங்கச் சந்தா ரசீது, ஹாஜர் சீட்டு, மில் பள்ளிக்கூடச் சான்றிதழ், குடியிருப்பு வாடகைச் சீட்டு, பழைய போட்டோ என்று எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பாட்டி சொன்ன கதை என்று ஒதுக்காமல் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெயர், தெரு, யார் வீடு எங்கே இருந்தது என்ற விவரத்தோடு பதிவு செய்யுங்கள். வேலைநிறுத்தத்தில் நின்றவர்களின் வீட்டிலும் கேளுங்கள், வேலைக்குப் போனவர்களின் வீட்டிலும் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேயேதான் இருப்பேன். இன்றே சொல்லத் தயாராக இருப்பவர்கள் வந்து உட்காருங்கள், எழுதிக்கொள்கிறேன்.